கருவேலம் அக்கேசியாவா, வச்செலியாவா? அகன்ற பொருள், குறுகிய பொருள் தகராறு

பொட்டல்காடு எழுதியது:

வணக்கம். எங்கள் ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைப் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம். கண்மாய், பொட்டல், பனங்காடு, இவ்வளவுதான் எங்கள் காடு. மரப்பட்டியல் என் தலையில் விழுந்திருக்கிறது. ஊர்ப்பெயரில் ஒரு சிக்கலும் இல்லை. கருவேலம், வெள்வேல், உடை, வன்னி, சீமைக் கருவேலம் என்று பெரியவர்கள் தூரத்தில் இருந்தே சொல்லிவிடுகிறார்கள். அறிவியல் பெயர் எழுதும் கட்டத்துக்கு வந்தால்தான் தலை சுற்றுகிறது.

கருவேலத்துக்குப் பழைய புத்தகத்தில் அக்கேசியா அராபிகா. அதற்குப் பிந்தைய புத்தகத்தில் அக்கேசியா நிலோடிகா. கைப்பேசிச் செயலி வச்செலியா நிலோடிகா என்கிறது. ஒரு கல்லூரியின் ஹெர்பேரியத் தாளில் (உலர்த்திய செடி ஒட்டிய தாள்) 'அக்கேசியா, சென்சு லேட்டோ' என்று பென்சிலால் எழுதியிருந்தது. சீமைக் கருவேலத்துக்குப் புரோசோபிஸ் என்று எழுதினால், அது இப்போது நெல்டூமா என்று ஒருவர் திருத்துகிறார். போதாக்குறைக்கு, எங்கள் பழைய பதிவேட்டில் பல வரிசைகளில் 'அக்கேசியா எஸ்பி.' என்று, அதாவது சிற்றினம் குறிக்காமல் பேரினம் மட்டும், இருக்கிறது.

சென்சு லேட்டோ, சென்சு ஸ்ட்ரிக்டோ என்பதெல்லாம் ஊராட்சிப் பதிவேட்டில் எழுத வேண்டிய விஷயமா, ஆராய்ச்சிக்காரர்களின் உள்விவகாரமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களப்பை எழுதியது:

தம்பி, முதலில் அராபிகாவையும் நிலோடிகாவையும் தள்ளி வையுங்கள். இரண்டும் ஒரே மரம். கேம்பிள் சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்தபோது அராபிகா என்று எழுதினார். லின்னேயஸ் 1753இலேயே நிலோடிகா என்று வைத்திருந்ததால் முந்திய பெயர் நின்றது. அங்கே மரத்தின் எல்லை மாறவில்லை.

வச்செலியா கதை வேறு. அக்கேசியா என்ற பேரினத்தை பிலிப் மில்லர் 1754இல் வெளியிட்டார். அதற்கப்புறம் இருநூறு வருடத்துக்கு மேல், ஆப்பிரிக்காவோ ஆஸ்திரேலியாவோ மெக்சிகோவோ, கொத்துக் கொத்தாய் மகரந்தத்தாள் நீட்டிக்கொண்டிருக்கும் பூவுடன் எந்த மரம் வந்தாலும் பெரும்பாலும் அதிலேயே போட்டார்கள். கடைசியில் 1,300 சிற்றினத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. அந்த மொத்தக் கூட்டத்தையும் குறித்தால் 'அகன்ற பொருளில் அக்கேசியா'. லத்தீனில் சென்சு லேட்டோ, தாளில் எஸ்.எல். என்று சுருக்கி எழுதுவார்கள்.

மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தக் கூட்டம் ஒரே மூதாதையில் இருந்து ஒரே கிளையில் வந்தது இல்லை என்று தெரிந்தது. முதல் கட்டத்தில் ஐந்தாகப் பிரித்தார்கள்: அக்கேசியா, வச்செலியா, செனகாலியா, அக்கேசியெல்லா, மரியோசூசா. பிரித்த பின் அக்கேசியா என்ற பெயருடன் மிஞ்சிய பகுதி 'குறுகிய பொருளில் அக்கேசியா', அதாவது சென்சு ஸ்ட்ரிக்டோ, சுருக்கமாக எஸ்.எஸ்.

இப்போது உங்கள் பழைய பதிவேட்டைத் திறந்து பாருங்கள். அகன்ற பொருளில் படித்தால் அந்த 'அக்கேசியா எஸ்பி.' கருவேலமாக இருக்கலாம், உடையாக இருக்கலாம், வெள்வேலாக இருக்கலாம். குறுகிய பொருளில் படித்தால் அவற்றில் ஒன்றுகூட இருக்க முடியாது. தமிழ்நாட்டில் குறுகிய பொருளிலான அக்கேசியா எல்லாம் கொண்டுவந்து நட்டவை. ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த நீலகிரி வாட்டில் மரங்களும், சாலையோரத்து அக்கேசியா ஆரிகுலிஃபார்மிஸும்தான் கண்ணில் படும். எழுதியவர் மனதில் எந்தப் பொருள் இருந்தது என்று தெரியாவிட்டால் அந்த வரிசை நாட்டு மரமா அயல் மரமா என்பதே நிச்சயம் இல்லை. ஆகவே இது உள்விவகாரம் இல்லை.

வேலிக்காத்தான் எழுதியது:

களப்பை சார் பட்டும் படாமலும் சொல்கிறார். நான் நேராகவே கேட்கிறேன். பெயர் வைக்கும் சட்டத்தில் வகைமாதிரி என்று, பேரினப் பெயரைக் கட்டி வைக்கும் ஒரு சிற்றினம், உண்டுதானே? கூட்டம் பிரிந்தால் வகைமாதிரி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் பழைய பெயர். அக்கேசியாவுக்கு வகைமாதிரியாக இருந்தது நம் கருவேலம். ஆகப் பாகப்பிரிவினையில் பூர்வீக வீடு யாருக்கு வந்திருக்க வேண்டும்? ஆஸ்திரேலியாக்காரர்கள் எப்படித் தூக்கிக்கொண்டு போனார்கள்?

களப்பை எழுதியது:

நியாயமான கேள்வி. விதியை அப்படியே விட்டிருந்தால் கருவேலம் அக்கேசியாவாகவே இருந்திருக்கும், ஆஸ்திரேலிய மரங்கள் ரேகோஸ்பெர்மா ஆகியிருக்கும். லெஸ்லி பெட்லி 1986இல் அப்படித்தான் பிரித்து வைத்தார். ஆனால் அந்தப் பக்கம் கிட்டத்தட்ட ஆயிரம் சிற்றினம், கருவேலம் பக்கம் 160 போல. அங்கே தங்க வாட்டில் தேசிய மலர், செப்டம்பர் 1 வாட்டில் தினம். 2003இல் ஆர்ச்சர்ட், மாஸ்லின் இருவரும் வகைமாதிரியையே மாற்றிவிடலாம், அக்கேசியா பென்னிநெர்விஸ் என்ற ஆஸ்திரேலிய மரத்தை வைத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிந்தார்கள். தாவரவியல் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. பெருங்குழப்பத்தைத் தவிர்க்கும் என்றால் ஒரு பெயரைக் 'காப்பாற்றி' வைக்கலாம்.

2005 வியன்னா தாவரவியல் மாநாட்டில் வாக்கெடுப்பு. வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் எதிர்த்தார்கள். ஆனாலும் முன்மொழிவை ஏற்கச் சொன்ன பெயர்க் குழுவின் பரிந்துரையைத் தள்ளுபடி செய்ய 60 சதவீதம் வேண்டும் என்று வைத்திருந்ததால் முன்மொழிவு நின்றது. ஆப்பிரிக்கா பற்றி வேலை செய்பவர்கள் கொதித்தார்கள். சவன்னா என்றால் குடை விரித்த அக்கேசியாதான் என்று உலகமே நினைக்கும் மரத்துக்குப் பெயர் போய்விட்டதே! 2011 மெல்பர்ன் மாநாட்டில் மறுபடி கிளப்பினார்கள். இரு பக்கமும் அக்கேசியா என்று முடியும் புதுப் பெயர்களை வைத்துக்கொள்ளும் சமரச யோசனைகூட வந்தது. எதுவும் தேறவில்லை. வியன்னா முடிவு உறுதியானது.

என் சொந்தக் கருத்து: பெரும்பான்மையின் விருப்பம் ஒன்றாகவும் முடிவு வேறாகவும் அமைந்த அந்த நடைமுறை எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காகப் பதிவேட்டில் நாம் தனிக்கொடி பிடிக்க முடியாது.

ஒரு ஆறுதல் உண்டு. வச்செலியா என்ற பெயர் ராபர்ட் வைட்டும் வாக்கர்-ஆர்னாட்டும் 1834இல் வைத்தது. வைட் நம் சென்னை மாகாணத்து ஆள். பிற்பாடு கோயம்புத்தூரில் பருத்திச் சோதனை நடத்தியவர். விடுப்பில் ஸ்காட்லாந்து போயிருந்த காலத்தில் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி ஆர்னாட்டுடன் சேர்ந்து எழுதிய நூலில்தான் கஸ்தூரி வேல் மரத்தைத் தனியே எடுத்து வச்செலியா ஃபர்னேசியானா என்று வைத்தார்கள். சீனாவில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பாதிரியாராக இருந்து செடி சேகரித்த வச்செல் என்பவர் பெயர் அது. பல காலம் யாரும் சீந்தவில்லை. பிரிக்க வேண்டிய நாள் வந்தபோது கருவேலத்துக்கு அந்தப் பெயர் தயாராக இருந்தது.

மூலிகைக்கடை எழுதியது:

அண்ணாச்சி மாரே, நீங்கள் மாநாடு நடத்துங்கள். கருவேலம்பட்டை கருவேலம்பட்டைதான். பல்பொடிக்கு அரைக்கிறவனுக்கு வியன்னாவும் மெல்பர்னும் என்ன செய்யும்? ஆனால் ஒன்று சொல்கிறேன். ஆவாரம்பூப் பொட்டலத்தில் காசியா என்று அச்சடித்த லேபிளும் உண்டு, சென்னா என்று அச்சடித்ததும் உண்டு. வாங்குபவர் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, இது வேறு சரக்கு என்று சண்டைக்கு வருகிறார்.

களப்பை எழுதியது:

அதுவும் இதே கதைதான், சண்டை மட்டும் இல்லை. அகன்ற பொருளில் காசியா என்றால் சரக்கொன்றை, ஆவாரை, நிலாவிரை எல்லாம் ஒன்று. 1982இல் இர்வினும் பார்னபியும் காசியா, சென்னா, கமைக்ரிஸ்டா என்று மூன்றாக்கினார்கள். சரக்கொன்றை காசியாவிலேயே இருந்தது. ஆவாரையும் நிலாவிரையும் சென்னாவுக்குப் போய்விட்டன. சரக்கு மாறவில்லை அண்ணாச்சி. லேபிளில் சிற்றினப் பெயரான ஆரிகுலேட்டா இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்விக்குறி எழுதியது:

முதுகலை மாணவி. ஒரு சந்தேகம் சார். ஏன் பிரிக்க வேண்டும்? அகன்ற பொருளிலேயே விட்டிருந்தால் யாருக்கும் பெயர் போயிருக்காது. ஒரே கிளையில் வராவிட்டால் என்ன?

களப்பை எழுதியது:

ஒரே கிளையாக்கியே தீருவது, ஆனால் பிரிக்கவும் கூடாது என்றால் என்ன ஆகும் என்று பாருங்கள் அம்மா. ஆஸ்திரேலிய அக்கேசியாக்களுக்கு நெருங்கிய சொந்தம் கருவேலம் இல்லை. வாகை, தூங்குமூஞ்சி, கொடுக்காப்புளி இருக்கும் கூட்டம்தான். கருவேலத்தையும் ஆஸ்திரேலிய மரத்தையும் ஒரே பேரினத்தில் வைக்க வேண்டும் என்றால் நடுவில் இருக்கும் அத்தனையையும் உள்ளே இழுக்க வேண்டும். கொடுக்காப்புளியை அக்கேசியா என்று எழுத நீங்கள் தயாரா? அதைவிடப் பிரிப்பது சின்னச் சேதம்.

களத்தில் பார்த்தாலும் பிரிவு தெரிகிறது. கருவேலத்தில் இலைக்காம்பின் அடியில் இரு பக்கமும் ஜோடியாக நேர்முள், வெள்ளையாக. அது இலையடிச் செதில் முள்ளாக மாறியது. உடையில் நீள நேர்முள்ளும் குட்டி வளைமுள்ளும் கலந்து வரும், அதுவும் அதே இடத்தில்தான். இவை வச்செலியா. சீயக்காய்க் கொடியைத் தொட்டுப் பாருங்கள். தண்டு முழுக்கக் கண்ட இடத்தில் கொக்கி முள், சட்டையைப் பிடித்தால் விடாது. அது செனகாலியா. சாலையோர ஆரிகுலிஃபார்மிஸில் முள்ளே கிடையாது. அரிவாள் போல வளைந்து நாம் இலை என்று நினைப்பது தட்டையாகிப் போன காம்பு. நம்பாவிட்டால் அதன் நாற்றைப் பாருங்கள். முதல் சில இலைகள் கருவேலம் மாதிரி சிறகு சிறகாக வரும். அப்புறம் காம்பு அகலமாகும், சிறகு காணாமல் போகும். ஒரே நாற்றில் இரண்டும் இருக்கும் பருவம் ஒன்று உண்டு, பார்க்க அவ்வளவு அழகு. நீலகிரியில் பட்டைக்காக நட்ட மியர்ன்சியை வாட்டில் வளர்ந்த பிறகும் சிறகிலையோடுதான் நிற்கும், முள் இருக்காது.

கொசுவலை எழுதியது:

சுகாதாரத் துறையில் பூச்சியியல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மரத்தில் பெயர் மாறினால் புத்தகம்தான் மாறும். எங்கள் பக்கம் இதே அகன்ற பொருள், குறுகிய பொருள் விவகாரத்தில் காய்ச்சல் வந்தது. பொட்டல்காடு தம்பிக்குப் பக்கத்து ஊர் சமாச்சாரம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தியாவின் கிராமப்புறங்களில் மலேரியாவைப் பெரும்பாலும் பரப்புவது அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ். கொசுவைப் பிடித்து லென்ஸில் பார்த்து இறக்கைப் புள்ளியை வைத்து நாங்கள் எழுதும் பெயர் இது. அது அகன்ற பொருளில்தான். உள்ளே ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து சிற்றினம் ஒளிந்திருக்கிறது. வெளித் தோற்றத்தில் இம்மி வித்தியாசம் கிடையாது. குரோமோசோமைப் பார்த்தால்தான் பிரியும். லத்தீன் பெயர்கூட இல்லாமல் எழுத்தை வைத்து அழைப்பது அதனால்தான்.

தென்னிந்தியாவில் மிகுதி பி. அது பெரும்பாலும் மாட்டைக் கடிக்கும், மலேரியாவைப் பரப்புவதில் மட்டம். அப்படியானால் பி மட்டுமே இருக்கும் இடத்தில் மலேரியா நிலைக்கக் கூடாது. இராமேஸ்வரம் தீவில் நிலைத்தது. சவுக்குத் தோப்புகளில் தண்ணீர் ஊற்றத் தோண்டும் குழிகளில் புழு மொய்க்கும், பிடித்த கொசுவைப் பார்த்தால் குரோமோசோம் பட்டைகள் பி மாதிரியே இருக்கும், ஆனால் காய்ச்சல் நிற்காது. மாட்டைக் கடிக்கிற கொசு மனிதர்களுக்கு எப்படிப் பரப்புகிறது?

பிடித்த பெண் கொசுக்களை முட்டையிட வைத்து, அவற்றின் ஆண் குஞ்சுகளின் ஒய் குரோமோசோமைப் பார்த்தார்கள். இரண்டு விதம் இருந்தது. மையப்புள்ளி ஓரத்தில் இருக்கும் ஒய் ஒன்று, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒய் இன்னொன்று. முதலாவதுதான் நிஜமான பி. இரண்டாவதன் தாய்கள் மனிதரை அதிகம் கடித்தன, அதிக நாள் உயிரோடும் இருந்தன. ஆக பி என்று எழுதிக்கொண்டிருந்ததற்குள்ளேயே இன்னொன்று இருந்தது. அதுதான் சிற்றினம் ஈ. 1999இல் வெளியானது. இலங்கையிலும் பி மட்டும்தான் என்று நினைத்திருந்த இடத்தில் ஈ இருப்பது பிறகு தெரிந்தது.

அதற்கு முன் எழுதிய அறிக்கைகளில் 'பி' என்று இருப்பதை இன்றைக்கு எப்படிப் படிப்பது? அகன்ற பி என்றுதான். பழைய எண்ணிக்கையைப் பி, ஈ என்று பங்கு போட ஒரு வழியும் கிடையாது, சேகரித்த கொசு பாதுகாப்பாக இருந்தாலொழிய.

கேள்விக்குறி எழுதியது:

ஐயா, அப்படியானால் எப்போதும் குறுகிய பொருளில் எழுதுவதுதான் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா? அகன்ற பொருள் என்பது சோம்பேறித்தனமா?

கொசுவலை எழுதியது:

இல்லவே இல்லை. குரோமோசோம் பார்க்காத கொசுவுக்கு 'குலிசிஃபேசிஸ், அகன்ற பொருளில்' என்று எழுதுவதுதான் யோக்கியம். பார்க்காமலே 'சிற்றினம் ஈ' என்று எழுதுவது பொய்க்கணக்கு.

இன்னொரு சிக்கல், குறுகிய பொருளும் காலத்துக்குக் காலம் குறுகும். ஆப்பிரிக்காவின் அனாஃபிலிஸ் காம்பியேவை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் அது ஒரு கூட்டம் என்று தெரிந்தது. வீட்டுக்கு வெளியேயும் தங்கி மாட்டையும் கடிக்கும் அரேபியென்சிஸை எல்லாம் கழித்துவிட்டு, மனிதரையே தேடி வரும் ஒன்றைக் 'காம்பியே, குறுகிய பொருளில்' என்றார்கள். அதற்குள்ளும் எம், எஸ் என்று இரண்டு வடிவம். 2013இல் எம் வடிவத்துக்குக் கொலுஜியை என்று தனிப் பெயர் வைத்தார்கள், எஸ் வடிவம் காம்பியேவாக நின்றது. 2000இல் வந்த கட்டுரையில் 'குறுகிய பொருளில் காம்பியே' என்று இருந்தால் அதில் கொலுஜியையும் அடக்கம். 2015 கட்டுரையில் அதே சொற்கள், அதில் அடக்கம் இல்லை. வருடம் பார்க்காமல் இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். யார் வகுத்த குறுகிய பொருள், எந்த வருடத்தது என்று எழுதாவிட்டால் எஸ்.எஸ். என்ற இரண்டு எழுத்துக்கு மதிப்பு குறைவுதான்.

ஈப்பண்ணை எழுதியது:

கொஞ்சம் வழிமாறிப் போகிறேன், மன்னிக்கவும். வேலிக்காத்தான் அண்ணனின் ஆற்றாமைக்கு விலங்கியல் பக்கம் நேர் எதிர்க் கதை இருக்கிறது. ஆய்வகப் பழ ஈ, டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். அகன்ற பொருளில் டிரோசோஃபிலாவில் 1,500 சிற்றினம் போல உண்டு. அதுவும் ஒரே கிளை இல்லை. பிரித்தால் வகைமாதிரியான ஃபுனேப்ரிஸ் என்ற ஈ இருக்கும் பக்கத்துக்குத்தான் பெயர். உலகமே அறிந்த மெலனோகாஸ்டர் சோஃபோஃபோரா ஆகிவிடும். வகைமாதிரியை மாற்றி மெலனோகாஸ்டரை வைக்கலாம் என்று கேட்டார்கள். விலங்கியல் பெயர் ஆணையம் 2010இல் முடியாது என்று சொல்லிவிட்டது. விளைவு, எங்கள் ஆட்கள் இன்றுவரை பிரிக்காமல் அகன்ற பொருளிலேயே ஓட்டுகிறோம்.

தாவரவியல்காரர்கள் விதியை வளைத்தார்கள், விலங்கியல்காரர்கள் வளைக்கவில்லை. எது மேல் என்று என்னைக் கேட்டால், வளைக்காததுதான். இரண்டு பக்கமும் யாருக்காவது வலிக்கத்தான் செய்யும். விதிப்படி வலித்தால் மாநாட்டில் சண்டையாவது மிச்சம்.

களப்பை எழுதியது:

சண்டை மிச்சம், சரி. ஆனால் ஒரே கிளை இல்லை என்று தெரிந்தும் பெயர் போய்விடும் என்று பிரிக்காமல் வைத்திருப்பதும் வளைப்பதுதானே? நாங்கள் சட்டத்தை வளைத்தோம், நீங்கள் வகைப்பாட்டை வளைக்கிறீர்கள்.

வேலிக்காத்தான் எழுதியது:

வளைக்காமல் நடந்த நல்ல கதை ஒன்று நம் பக்கமும் இருக்கிறது. புரோசோபிஸ். அதுவும் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று பரவிய அகன்ற பேரினம். பர்கார்ட் 1976இல் 44 சிற்றினம் என்று எழுதினார். 2022இல் காலின் ஹியூஸ் கூட்டணி அதைப் பிரித்துவிட்டது. லின்னேயஸ் 1767இல் புரோசோபிஸ் பெயர் வைத்தபோது கையில் இருந்தது நம் வன்னி. ஆகவே வன்னியும் மேற்காசியப் பக்கத்து ஃபார்க்டா, கோல்சியானா இரண்டும், மொத்தம் மூன்றே மூன்று குறுகிய பொருளில் புரோசோபிஸ். சீமைக் கருவேலமும் அதன் அமெரிக்கச் சொந்தங்களில் பெரும்பாலானவையும் நெல்டூமா. விருத்தாசலம் கோயில் தலமரத்துக்குப் பெயர் நின்றது, சீமையில் இருந்து வந்ததுக்குப் போனது! நெல்டூமா 1838இல் ரஃபினெஸ்க் வைத்த பெயர். செனகாலியாவும் அவர் வைத்ததுதான். கண்டதற்கெல்லாம் பெயர் வைக்கிறார் என்று அன்றைக்கு அவரை ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

இப்போது என் பயம். சீமைக் கருவேலத்தை அகற்றும் அரசுக் காகிதங்களில் எல்லாம் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்றுதான் இருக்கிறது. சிற்றினப் பெயர் சேர்ந்திருக்கும் வரை பிரச்சினை இல்லை. ஆனால் ஒப்பந்தப் புள்ளியில் யாராவது 'புரோசோபிஸ் மரங்களை வேரோடு அகற்றுதல்' என்று மொட்டையாக எழுதினால், குறுகிய பொருளில் நம் ஊரில் அது வன்னியை மட்டும்தான் குறிக்கும். பொக்லைன் ஓட்டுபவர் பேரினம் பார்த்துத் தோண்ட மாட்டார்தான். இருந்தாலும் கண்மாய்க்குள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஊர் எனக்குத் தெரியும். வன்னியில் முள் கணுவுக்குக் கணு நடுவில் தண்டெங்கும் சிதறி இருக்கும், சீமைக் கருவேலத்தில் கணுவிலேயே இருக்கும். இதைக் குறிக்கச் சொல்லுங்கள்.

பொட்டல்காடு எழுதியது:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. அண்ணே, எங்கள் கண்மாயிலும் வன்னி நிற்கிறது, அந்த முள் விஷயத்தைக் கட்டாயம் சேர்க்கிறேன். களப்பை சார், கடைசியாக வேலைக்கு ஆகும்படி சொல்லுங்கள். பதிவேட்டில் என்ன எழுத? பழைய 'அக்கேசியா எஸ்பி.' வரிசைகளை என்ன செய்ய? எங்கள் குழுவில் ஒருவர் எல்லாவற்றையும் 'வச்செலியா எஸ்பி.' என்று ஒரே தட்டில் மாற்றிவிடலாம் என்கிறார்.

களப்பை எழுதியது:

அந்த ஒரே தட்டை மட்டும் தட்டாதீர்கள்.

சிற்றினம் வரை எழுதிய வரிசைக்கு ஆபத்து இல்லை. அக்கேசியா நிலோடிகா என்று யார் எப்போது எழுதியிருந்தாலும் இன்றைக்கு அது வச்செலியா நிலோடிகா, ஒன்றுக்கு ஒன்று பொருந்தும். அக்கேசியா லியூக்கோஃப்ளோயா வெள்வேல், அக்கேசியா பிளானிஃப்ரான்ஸ் உடை, இரண்டும் அப்படியே வச்செலியா. இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம், பழைய பெயரை இணைப்பெயராகப் பக்கத்தில் வையுங்கள்.

பேரினத்தோடு நிறுத்திய வரிசைதான் வினை. 'அக்கேசியா எஸ்பி.' என்பதை 'வச்செலியா எஸ்பி.' என்று மாற்றினால், எழுதியவருக்கே தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி ஆக்குகிறீர்கள். அந்த வரிசை ஊராட்சிச் சாலையோரம் நட்ட ஆரிகுலிஃபார்மிஸாக இருந்தால்? அது வச்செலியாவே இல்லை. அதைத் திருத்தாமல் 'அக்கேசியா எஸ்பி., அகன்ற பொருளில்' என்று ஒரு சொல்லை மட்டும் சேருங்கள். ஊர்ப்பெயர்க் கட்டத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதுதான் சாவி. அங்கே 'உடை' என்று இருந்தால் கதை முடிந்தது, லத்தீன் கட்டத்தை நிரப்பிவிடலாம். பல பதிவேடுகளில் ஊர்ப்பெயர் கட்டம்தான் துல்லியமாக இருக்கிறது, அதை அச்சில் ஏற்றும்போது தூக்கிவிடுகிறார்கள்.

குறுகலாக எழுதியதை நாளைக்கு யார் வேண்டுமானாலும் அகன்றதில் சேர்த்துக்கொள்ளலாம். அகன்றதில் எழுதியதைக் குறுகலுக்குக் கொண்டுவர மரத்திடமோ மாதிரியிடமோ திரும்பிப் போக வேண்டும். கொசுவலை ஐயா சொன்ன அதே கதை. ஆகவே ஒவ்வொரு சிற்றினத்துக்கும் முள்ளும் பூவும் காயும் தெரிய ஒரு கிளை உலர்த்தித் தாளில் ஒட்டி, எண் போட்டு, பக்கத்துக் கல்லூரி ஹெர்பேரியத்தில் கொடுத்துவிடுங்கள். முன்பக்கத்தில் ஒரு வரி: 'பேரினங்களின் எல்லை இன்ன நூலை, இன்ன வருடத்துப் பட்டியலைப் பின்பற்றியது.' அவ்வளவு போதும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் சென்சு, சென்சு என்று போட்டால் படிப்பவர் ஓடிவிடுவார்.

சீமைக் கருவேலத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஜூலிஃப்ளோரா என்ற பெயருக்கே அகலம் மாறியிருக்கிறது. டெக்சாஸ் பக்கத்து மெஸ்கீட் மரத்தைக்கூட ஒரு காலத்தில் ஜூலிஃப்ளோராவின் ரகமாகவே எழுதினார்கள், இப்போது அது கிளாண்டுலோசா. பேலிடா என்ற நெருங்கிய சிற்றினத்தோடும் குழப்பம் உண்டு. பேலிடா இருமடியம் (குரோமோசோம் தொகுதி இரண்டு), ஜூலிஃப்ளோரா நான்மடியம் (தொகுதி நான்கு). குரோமோசோம் எண்ணாமல் இலையை வைத்துப் பிரிப்பது எளிதில்லை. நீங்கள் எண்ணப் போவதில்லை என்றால் 'நெல்டூமா ஜூலிஃப்ளோரா, அகன்ற பொருளில்' என்று எழுதுங்கள்.

மூலிகைக்கடை எழுதியது:

பதிவேட்டில் ஆவாரை இருந்தால் சென்னா என்றே போட்டுவிடுங்கள் தம்பி. என் கடைக்கு வரும் சண்டையில் ஒன்றாவது குறையும்.

பொட்டல்காடு எழுதியது:

போட்டாயிற்று அண்ணாச்சி. கருவேலம் வரிசையை இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்: 'கருவேலம். வச்செலியா நிலோடிகா. இணைப்பெயர் அக்கேசியா நிலோடிகா, அக்கேசியா அராபிகா. கண்மாய் உள்வாய், கரை. மாதிரித் தாள் உண்டு.' பழைய 'அக்கேசியா எஸ்பி.' வரிசைகளில் பெரும்பாலானவற்றில் ஊர்ப்பெயர் இருந்தது, தப்பித்தோம். ஒன்றில் மட்டும் ஊர்ப்பெயரும் இல்லை, இடம் என்ற கட்டத்தில் 'பள்ளி வளாகம், முள் இல்லை' என்று இருக்கிறது.

களப்பை எழுதியது:

முள் இல்லாமல், பள்ளி வளாகத்தில், நட்ட மரம். ஆரிகுலிஃபார்மிஸ் என்று அடித்துச் சொல்லத் தோன்றுகிறது, ஆனால் சொல்ல மாட்டேன். மரம் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் காய் ஒன்று பறித்துப் படம் போடுங்கள். காது மடல் மாதிரி சுருண்டிருந்தால் குறுகிய பொருளிலும் அது அக்கேசியாதான். உங்கள் பட்டியலில் அந்தப் பெயரை மாற்ற வேண்டியிராத ஒரே வரிசை அதுவாக இருக்கும்.